பசை இல்லாத சுவர்

கையில் ஒன்றும் இல்லை அக்கா. அடிபடவும் இல்லை, முள் குத்தவும் இல்லை. சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். புனலூரில் ஏறியதிலிருந்து ஒருத்தி உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

நீங்கள் செங்கோட்டையா? நான் தென்காசியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பாவூர்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். பெயர் பேச்சியம்மாள். நேற்று முதல் டாக்டர் பேச்சியம்மாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் படிப்பு. நேற்றுதான் கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான் ஒருத்திதான். அதனால் எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று ஒரு பயம் எப்போதும் உண்டு. ஒன்றைச் சொல்லும் முன் மூன்று தடவை சரிபார்ப்பேன். சரிபார்த்துவிட்டால் சொல்லாமல் இருக்கவும் முடியாது. அது என் சுபாவம்.

எதில் ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். பல்லியில்.

பார்த்தீர்களா, நகர்ந்து உட்காருகிறீர்கள். பையில் பல்லி இல்லை அக்கா, புத்தகம்தான் இருக்கிறது. பல்லி எப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று ஐந்து வருடம் பார்த்தேன். அதன் காலில் பசை கிடையாது. உறிஞ்சிப் பிடிப்பதும் இல்லை. முடிதான். கண்ணுக்குத் தெரியாத முடி, விரலுக்கு அடியில் வரிவரியாக, லட்சக்கணக்கில். ஒவ்வொரு முடியின் நுனியும் நூறு நூறாகப் பிளந்திருக்கும். ஒரு நுனிக்கென்று பலமே இல்லை. எல்லாம் சேர்ந்து சுவரைத் தொட்டால் பல்லி தலைகீழாக நிற்கும். சும்மா வைத்தால் பிடிக்காது. காலை வைத்து, அழுத்தி, துளி தன் பக்கம் இழுக்க வேண்டும். விடுவதற்குப் பலமே வேண்டாம், விரல் நுனியை மேலே சுருட்டினால் போதும். கோணம் மாறினால் எல்லா முடியும் விட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகள் ஷூவில் கர்ரென்று ஒரு பட்டையைப் பிரிப்பார்களே, அதுபோல ஓரத்திலிருந்து வரும். இல்லை, அது கொக்கி, இது வேறு. ஆனால் பிரிவது கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்தப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்ததே எங்கள் அப்பாவால்தான். அப்பா பெயிண்டர். ஆவுடையப்பன் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் புது பிரஷ் ஒன்றை என் கன்னத்தில் தடவினார். "மெத்துன்னு இருக்குல்லா? நுனி பொளந்த முடி. இதுதான் பெயிண்டப் பிடிச்சு வைக்கும். நுனி மழுங்குனது ஒழுக்கிரும்" என்றார். நேர்காணலில் பேராசிரியர் கேட்ட கேள்வி, பல்லியின் முடிக்கு நுனி ஏன் பிளந்திருக்க வேண்டும் என்பது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் சூத்திரம் எழுதினார்களாம். நான் அப்பாவின் பிரஷ்ஷைச் சொன்னேன். அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ எம் பிரஷ்ஷுக்கும் ஒரு சீட்டு குடுப்பாவளா?" என்று அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. என் கல்யாணம் நின்றுபோனதைச் சொல்ல வந்தேன். ஒரு பல்லியால் நின்றது அக்கா. பல்லியைப் படித்தவளின் கல்யாணம் பல்லி விழுந்து நின்றது. மூடநம்பிக்கை, வேறென்ன?

மாப்பிள்ளை பெயர் திருமலைக்குமார். கடையநல்லூரில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு ஐந்து மாதம் போனில் பேசினோம். என் படிப்பைப் பற்றி முகம் சுளிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். "இன்னைக்கு ஒம்பதாம் வகுப்புச் சொவத்துல ரெண்டு பேரு நின்னாங்க பேச்சி. அதுல ஒருத்தர் உங்கள ரொம்ப விசாரிச்சாரு" என்பார். எனக்கு அதைக் கேட்டதும் மூன்று நாளைக்குச் சிரிப்பு வரும். ஐந்து மாதம். அதை எல்லாம் விடுங்கள்.

போன வருடம் தை மாதம் நிச்சயதார்த்தம். அதற்கு முந்திய வாரம் நான் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார். பழைய காரைச் சுவர், பெயிண்ட் நிற்காது, சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் வருகிறோம் என்றார்கள். "ஊருக்கெல்லாம் அடிச்சிட்டு எம் பிள்ள விசேசத்துக்கு இன்னொருத்தன் பிரஷ்ஷப் பிடிக்கவா?" என்று அப்பா யாரையும் விடவில்லை.

சுண்ணாம்போடு வச்சிரம் என்று ஒரு பசை சேர்ப்பார்கள் அக்கா. மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. காய்ச்சி, சூடாக ஊற்றிக் கலந்தால்தான் சுண்ணாம்பு சுவரில் நிற்கும். இல்லாவிட்டால் தொட்ட கையோடு பொடியாக வந்துவிடும். அப்பா அதை வாசலில் வைத்துக் காய்ச்சினார். அந்த நாற்றம் தாங்க முடியாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, தலைவலி வந்துவிடும். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "அப்பா, இந்த நாத்தத்துல ஒரு வரி ஓட மாட்டேங்குது" என்றேன். "சரிட்டி, நீ எழுது" என்று பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்தபோது பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய் எழுதினேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலை பத்து மணி இருக்கும். தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஃபேன் காற்றில் காலண்டர் படபடவென்று அடித்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பல்லி வெளியே ஓடி வந்தது. அது ஓடிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கால் வழுக்குகிறது என்று. இரண்டடி ஏறுகிறது, ஓரடி சறுக்குகிறது. முடியில் தூசி ஏறினால் அப்படித்தான். நல்ல சுவரில் ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் அந்தத் தூசி தானாகவே போய்விடும், அதை நான் அளந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் அதற்கு நடக்க நல்ல சுவர் இல்லை. எப்படியோ விட்டம் வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்து அத்தையின் தலையில் விழுந்தது. அத்தை என்று இப்போது சொல்லக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மா தலையில்.

சபை அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து அந்தக் காலண்டரையே திருப்பிப் பின்பக்கம் படித்தார். பல்லி விழும் பலன். "தலை, கலகம்னு போட்டிருக்கு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் தெளிந்தவர். "பல்லிதான விழுந்துச்சு, பனமரமா விழுந்துச்சு? தலைக்கு ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திட்டு வாரேன். வந்து மாத்திக்கிடுவோம்" என்று சிரித்தார். எங்கள் அம்மா வெந்நீர் வைக்க ஓடினாள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அந்த நிமிடம் அவர் அப்படித்தான் சொன்னார்.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. தப்பான காரணத்தை நம்பிக்கொண்டு ஒருத்தர் தலை நனைக்கப் போகிறார். சரியான காரணம் எனக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து நின்று சொன்னேன். "அத்தை, நீங்க குளிக்கவே வேண்டாம். இதுக்கும் பலனுக்கும் சம்பந்தம் இல்ல. எங்க சுவத்துல பசை கலக்கல. சுண்ணாம்பு உதிர்ந்து பல்லி கால்ல ஏறியிருக்கு. அதான் பிடி விட்டுருச்சு." சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? வலது கையைச் சுவரில் வைத்துத் தேய்த்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். உள்ளங்கை முழுக்க வெள்ளை.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் அவரவர் முதுகைப் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த அத்தனை பட்டுச் சட்டையிலும் வெள்ளை. யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு வரிசையாகச் சிரித்தார்கள். தாய்மாமா சட்டையை உதறிக்கொண்டே, "சம்பந்தி எம் முதுகுக்கும் சேத்து வெள்ளையடிச்சிட்டாருய்யா!" என்றார். "பெயிண்டர் வீட்டுச் சொவரு கையோட வருது! பெத்த பிள்ள விசேசத்துக்கே பசை போடாதவரு ஊரான் வீட்டுக்கு என்னத்தப் போட்டிருப்பாரு?"

அப்பா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "பிள்ள சொல்லுதது சரிதான். பசை போடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காபியை மீதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். "பல்லிக்குப் பரிகாரம் இருக்கு. இந்த வாய்க்கு என்ன இருக்கு? சபையில அப்பன விட்டுக்குடுத்தவளுக்கு, நாளைக்கு எம் மவன விட்டுக்குடுக்க எவ்வளவு நேரமாவும்?" என்றார். எழுந்துவிட்டார்கள். திருமலைக்குமார் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைத் தேடினார்.

மூன்று நாள் கழித்துப் போன் செய்தார். "உங்களுக்குமா பலன்ல நம்பிக்கை?" என்று கேட்டேன். "இது பல்லியப் பத்தி இல்ல பேச்சி" என்று மட்டும் சொன்னார். பிறகு வைத்துவிட்டார். பல்லியைப் பற்றி இல்லை என்றால் எதைப் பற்றி? ஒன்றரை வருடமாக யோசிக்கிறேன், புரியவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யா?

பொய் இல்லை அக்கா. அதைத்தான் பிறகு நிரூபித்தேன். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளே ஒரு பிளேடை எடுத்து அந்தச் சுவரில் சுரண்டிப் பொடியைச் சின்ன கண்ணாடிக் குப்பியில் போட்டேன். "எதுக்குட்டி அதப் போயிச் சொரண்டுத?" என்று அம்மா கத்தினாள். நான் எட்டாமல் நின்றபோது அப்பா ஏணியைக் கொண்டுவந்து வைத்துப் பிடித்துக்கொண்டார். "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டார். குப்பியின் மேல் நான் எழுதி ஒட்டியது இதுதான்: மாதிரி ஒன்று, பசையற்றது, வீட்டுச் சுவர்.

நான் பல்கலைக்கழகம் திரும்பியதற்கு மறுநாள் அப்பா வீடு முழுவதும் மறுபடி அடித்தாராம். இந்தத் தடவை பசை காய்ச்சி. அந்த நாற்றம் மூன்று நாள் சுவரில் இருந்தது என்று அம்மா போனில் சொன்னாள். ஆனால் ஊர் விடவில்லை. டீக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தாலே, "ஆவுடையப்பா, பசை இருக்கா?" என்பார்களாம். பேசிவைத்திருந்த இரண்டு வீட்டு வேலையும் கைமாறிப் போனது. மாசி பிறந்ததும் ஒரு கூட்டத்தோடு புனலூருக்கு வேலைக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு ஊருக்கு வந்தார், மறுநாள் போய்விட்டார். போன் செய்வார். நான் எடுத்தால், "அம்மாட்ட குடு" என்பார். கோபமாக இல்லை அக்கா. கோபமாகச் சொன்னால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் ஆராய்ச்சியில் ஐந்தாவது அத்தியாயம் அந்தச் சுவர்தான். பசை கலந்த சுண்ணாம்பில் பல்லியை நடக்க விட்டேன், கலக்காததிலும் விட்டேன். ஒன்றில் நின்றது, ஒன்றில் விழுந்தது. நேற்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இருப்பதிலேயே அதுதான் நல்ல அத்தியாயம் என்று சொன்னார். எனக்கு உடனே அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இன்று காலை முதல் பஸ்ஸில் ஆராய்ச்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இதைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷம் வரும், பழையபடி பேசிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அது போதும். கல்யாணம்கூட வேண்டாம் அக்கா, "ஏட்டி பேச்சி" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

புனலூரில் மாடி வீடு ஒன்றுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். மெலிந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். புத்தகத்தைக் கொடுத்தபோது கையை இரண்டு தடவை கழுவி, வேட்டியில் துடைத்து, பிறகுதான் வாங்கினார். "எம் பேரு இருக்கா?" என்றார். நன்றிப் பக்கத்தைக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து, ஆனாலும் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பல்லி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஐந்தாவது அத்தியாயத்தை எடுத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எதையும் விடவில்லை. அச்சில் இருப்பதை எப்படி விடுவது? அதில் ஒரு வரி வரும்: "வேலையாளின் கவனக்குறைவால் பசை சேர்க்கப்படாத சுண்ணாம்புச் சுவர்."

"வேலையாளுன்னா?" என்றார் அப்பா.

"நீங்கதான்ப்பா."

"ம்" என்றார். அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்க. நீ படிச்ச பிள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." குத்தலாகச் சொல்லவில்லை அக்கா. அவர் குத்தலாகப் பேசத் தெரியாதவர். நிஜமாகவே அப்படி நம்பிச் சொன்னார்.

பிறகு புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, என் வலது கை மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அடித்து முடித்துக் காய்ந்திருந்த சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தி, துளி கீழே இழுத்தார். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கிட்டியா?" என்றார்.

ஒன்றும் ஒட்டவில்லை. சுத்தமாக இருந்தது. மறுபடி சாரத்தில் ஏறிவிட்டார். நான் கீழே நின்று, "போயிட்டு வாரேன்ப்பா" என்றேன். அவர் திரும்பவில்லை, பிரஷ் சத்தத்தில் கேட்டிருக்காது. அதிலிருந்துதான் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

என்ன கேட்டீர்கள் அக்கா? ஏன் பசை போடவில்லை என்றா?

அதை நான் கேட்கவில்லை. மறந்திருப்பார். கல்யாண வீட்டு அலைச்சல். ஆனால் அவர் வேலையில் எதையும் மறக்கிறவர் இல்லை. சுண்ணாம்பில் கலக்கும் நீலம் எத்தனை சொட்டு என்றுகூட எண்ணித்தான் விடுவார். வாங்காமல் விட்டிருப்பாரோ என்றால், வாங்கியிருந்தார். வாசலில் கொதித்ததே. நான்தானே மூக்கைப் பொத்திக்கொண்டு...

அக்கா, கொஞ்சம் பொறுங்கள்.

சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும். ஊற்றி அடித்தாலும் மூன்று நாள் சுவரில் அந்த நாற்றம் இருக்கும். அப்பா அடித்த பிறகு மூன்று நாளும் நான் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துதான் எழுதினேன். நாற்றமே இல்லை. நன்றாக எழுத்து ஓடியது. இல்லையே என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைப் பார்த்தேன். இப்போதுதானே உங்களிடம் என் வாயாலேயே சொன்னேன். பார்த்தேன் அக்கா.

அத்தனை பேர் நடுவில் கேட்டார்களே. "எம் பிள்ளதான் வேண்டாம்னா" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாமே. இன்றைக்காவது சொல்லியிருக்கலாமே. நான் அந்த வரியைப் படித்துக் காட்டும்போது. "வேலையாளுன்னா?" என்று கேட்டாரே, அப்போதாவது.

கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். ஐந்து பிரதி. கறுப்பு அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. நூலகத்தில் ஒன்று இருக்கும்.

இது எந்த ஊர்? ஆரியங்காவா? இங்கே பஸ் நிற்குமா? கண்டக்டர் அண்ணே, ஒரு நிமிசம் நிறுத்துங்க, நான் இறங்கணும். இல்லண்ணே, டிக்கெட் தென்காசி வரைக்குந்தான் எடுத்தேன், பரவாயில்ல, இறங்கிக்கிறேன்.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் அக்கா. எதிர்ப்பக்கம் புனலூர் பஸ் வரும்தானே? இருட்டுவதற்குள் சாரத்திலிருந்து இறங்கிவிடுவார், அதற்குள் போய்விட வேண்டும்.

போய் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை அக்கா. ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை.